நிறுத்துப் பாரு

அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. ஃபேன் இம்புட்டுத்தான் சுத்தும். மெட்ராஸ்லருந்து கெளம்பி, திண்டுக்கல் வத்தலக்குண்டு ரோட்டுல லாரி எடை போடுற மேடையத் தேடி வந்திருக்கீங்க. லாரியும் கொண்டாரல, லோடும் கொண்டாரல. வெளக்கமா பேசிருவோம், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது.

அந்தப் பழைய ரெக்கார்டப் புதுசா போடப் போறோம், குரூப்புக்கு லீடர் நீங்கதான், உங்க சம்மதம் வேணும்னு போன்ல சொன்னீங்க. தரேன். ஆனா ரெண்டு கண்டிசன். ஒண்ணு, அட்டையில எம்பேரு வரணும். பாட்டும் இசையும் சௌந்தரபாண்டியன். பெருசா. அன்னைக்கு வந்த இசைத்தட்டுல குரூப்பு பேரு மட்டும்தான் போட்டாய்ங்க, 'ஊதா லாந்தர்'னு. எவன் லாந்தரு, எவன் திரின்னு எவனுக்குத் தெரியும்? ரெண்டாவது, பாட்டு நடுவுல ஒருத்தன் கத்துறான்ல, அந்தக் கத்தல வெட்டி எடுத்துரணும். இப்பத்தான் கம்ப்யூட்டர்ல எத வேணாலும் வெட்டலாங்கிறாய்ங்களே.

ஏன் மூஞ்சி சுருங்குது? வெட்டணும்னா வெட்டணும்.

ஒரு நிமிசம் இருங்க, வண்டி வருது. மைக்க இங்கிட்டுத் தள்ளுங்க. ஏய், நாமக்கல் வண்டி! முன்னால வா. வா, வா, வா. நிறுத்து! நிறுத்துறா! பின் சக்கரம் மேடையில ஏறவே இல்ல பாரு. எறங்கிப் பாரு. பாருங்க தம்பி, நாளு பூரா இதே பொழப்பு. பேசிப் பேசி தொண்டை போச்சு.

எழுபத்திரெண்டு வாக்குல இருக்கும். அப்பல்லாம் கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரப் பயலுக சடை வளத்துக்கிட்டு வருவாய்ங்க. செலது வழி தப்பி திண்டுக்கல்லுல வந்து திரியும். அதுல ஒருத்தனுக்கு வயிறு கெட்டுப்போயி பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தான். காஜா மைதீன்னு என் சேக்காளி, அவுக அத்தாவுக்குத் தோல் ஷாப் இருந்துச்சு, பதம் போட்டு ஏத்துமதி பண்றவுக. காஜா அவனைத் தூக்கிட்டுப் போயி வீட்டுல படுக்கப் போட்டு, கஞ்சி குடுத்துத் தேத்தி அனுப்பினான். போறப்ப அந்த ஆளு நன்றிக்கடனா ஒரு இங்கிலீசு தட்டு குடுத்துட்டுப் போனான். அதுக்குப் பேரு சைக்கடெலிக் மியூசிக்காம். எங்க அய்யா காதுல அது 'சைக்கிள்'னுதான் விழுந்துச்சு. கடைசி வரைக்கும் நான் வீடு திரும்ப நேரமானா "எங்கடா, சைக்கிள் பாட்டுக்காரன் இன்னும் வரலையா?"ன்னுதான் கேட்டாரு.

அந்தத் தட்ட அருளாண்டு கடையிலதான் போட்டுக் கேட்டோம். அருளாண்டு மைக் செட் கடையில வேலை, கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கொழாய் கட்டுறவன். கிடாரும் வாசிப்பான். வாசல்ல இருந்த கொழாயில அந்தப் பாட்டு ஓட ஓட, செட்டு ரிப்பேர்னு நெனச்சு தெருவுல போன ஆளுக எட்டிப் பாத்துட்டுப் போறாய்ங்க. எனக்கு மட்டும் ஒடம்பு சிலுத்துருச்சு தம்பி. இந்த மாதிரி ஒண்ணு தமிழ்ல செய்யணும், அதுல எம்பேரு இருக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பெருசா சொத்து சொகம் கேக்கல. ஒரு தட்டு, அதுல எம்பேரு. அம்புட்டுத்தான் ஆசை.

பாட்டு எழுதுனேன். பதினாலு சரணம். 'அண்டத்தின் அடிவயிற்றில் அக்கினிப்பூ பூக்குதடி, பிண்டத்தின் பெருங்கதவம் பேரொலியால் திறக்குதடி'ன்னு ஆரம்பிக்கும். எப்படி? நெருப்பு மாதிரி இல்ல? அண்டத்துல ஆரம்பிச்சு, கிரகம் கிரகமா சுத்தி, பதினாலாவது சரணத்துல ஆன்மாவுல கொண்டாந்து முடிச்சிருந்தேன். அருளாண்டுகிட்ட வாசிச்சுக் காட்டுனா, அவன் பாதியிலயே "பாண்டி, இதுல பூக்குதடிங்கிறது மட்டும் நல்லாருக்கு"ங்கிறான். மட்டுமாம்! அவய்ங்கல்லாம் என்னைப் பாண்டின்னுதான் கூப்புடுவாய்ங்க. இப்ப அப்படிக் கூப்புட ஆளு இல்ல. லாரிக்காரப் பயலுகளுக்கு நான் மொதலாளி, ஊருக்கு எடைமேடைக்காரர்.

பாடுனது ஸ்டெல்லா. மாதா கோயில் பாடகர் குழுவுல ஆர்மோனியம் வாசிக்கிற பொண்ணு. கால்ல மிதிச்சு வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் அது, கோயில் சொத்து. பங்குச் சாமியார் தங்கமான மனுசன். தட்டோட ஒரு பக்கம் மாதா பாட்டு போடுறதுன்னா ஆர்மோனியத்தையும் தாரேன், மெட்ராஸ் கம்பெனியிலயும் நானே பேசுறேன்னுட்டாரு. அப்ப ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் அக்கினிப்பூ. வேற வழி?

ஒத்திகைன்னு உக்காந்தா, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு தினுசா என் உயிர எடுத்தாய்ங்க. அருளாண்டு கிடாருக்கு ஒரு ஸ்பீக்கர் கொண்டாந்தான். கடையில கழிச்சுப் போட்டது, உள்ள பேப்பர் கிழிஞ்சு தொங்குது. கம்பியத் தொட்டா கொர்ர்ருனு எரும செருமுற மாதிரி சத்தம். "வேற நல்லதாக் கொண்டாடா"ன்னா, "இல்ல பாண்டி, இதுலதான் அந்த வெள்ளைக்காரன் தட்டுல வர்ற மாதிரி இருக்கு"ங்கிறான். காஜா ரெண்டு டிரம்முக்குத் தோல் ஷாப்ல இருந்து சரியாப் பதமாகாத தோல இழுத்துக் கட்டிட்டு வந்தான். அடிச்சா தொம்முங்குது, கெணத்துக்குள்ள கல்லு விழுந்த மாதிரி. வாடை வேற. ஸ்டெல்லாவுக்குச் சரணமே மனப்பாடம் ஆகல. பூக்குதடி, பூக்குதடின்னு அதையே ஆர்மோனியத்த மிதிச்சுக்கிட்டு இழுத்து இழுத்துப் பாடும். கேட்டா, "பாண்டி, மத்த வார்த்தையெல்லாம் வாய்க்குள்ள அடங்கல"ன்னு சொல்லும். நான் அம்புட்டு நாளும் வேண்டாம், வேண்டாம், அப்படி இல்ல, நிறுத்துன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். லீடர்னா அதுதான வேல?

நான் என்ன வாசிச்சேனா? ரிதம் கிடாரு. ஆனா ரெக்கார்டுல கேக்காது. கேட்டீங்கள்ல, இல்லைல்ல? ஒயரெல்லாம் அருளாண்டுதான் மாட்டுவான், அன்னைக்கு என்னோடத மாட்ட மறந்துட்டான் போல. ஒத்திகையிலயும் அவனுக்கு அந்த மறதி இருந்துச்சு. நானும் பெருசா எடுத்துக்கல.

மெட்ராஸுக்கு வேன்ல போனோம். ஆர்மோனியத்த வேன் மேல ஏத்திக் கட்டி, காஜாவோட டிரம்ம மடியில வச்சுக்கிட்டு, அந்தத் தோல் வாடையிலயே போயிச் சேந்தோம். ஸ்டுடியோவுல வரதாச்சாரின்னு ஒரு இஞ்சினியர், நெத்தி நெறைய நாமம். மாதா பாட்ட மொதல்ல எடுத்தாரு. கண்ண மூடி ரசிச்சுக் கேட்டாரு தம்பி, ஸ்டெல்லா அப்படிப் பாடுச்சு. அடுத்து எங்களது. அருளாண்டு ஸ்பீக்கர் கொர்ர்ருனதும் மனுசன் பதறி ஓடியாந்து ஒயரெல்லாம் புடுங்கிப் பாத்தாரு. "சார், கோளாறு இல்ல, அதுதான் சத்தமே"ன்னு அருளாண்டு சொன்னதும், புடுங்குன ஒயரத் திரும்ப மாட்டிட்டு, "அப்படியா"ன்னு சிரிச்சாரு. அப்புறம் அலமாரியிலருந்து ஒரு மிசின எடுத்து மாட்டுனாரு. சினிமாவுல பேய் சிரிக்கிறதுக்கு வச்சிருந்த எக்கோ மிசினாம். "இதையும் போட்டுப் பாப்போமே"ங்கிறாரு. படிச்ச மனுசன், அவரும் அவய்ங்க கூடச் சேந்துட்டாரு.

இப்பக் கேளுங்க. தட்டுல ஒரு பக்கத்துக்கு இம்புட்டு நேரம்தான் புடிக்கும்னு வரதாச்சாரி சொல்லிட்டாரு. வெளிய அடுத்த ரெக்கார்டிங்குக்கு நாயனக்காரங்க வந்து பெஞ்சுல காத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டாவது தடவை எடுக்க நேரம் கெடையாது. நான் முன்கூட்டியே கணக்குப் போட்டு, சரணத்துக்கு எம்புட்டு நேரம்னு எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருக்கேன். டேப்பு ஓட ஆரம்பிச்சது. மொத ரெண்டு வரிய ஒழுங்காத்தான் பாடுச்சு ஸ்டெல்லா. அப்புறம் பூக்குதடியப் புடிச்சுக்கிருச்சு. விடவே இல்ல. அருளாண்டு கண்ண மூடிக்கிட்டு கொர்ர்ருங்கிறான், காஜா தொம்மு தொம்முங்கிறான். நான் செவத்துக் கடிகாரத்தப் பாக்குறேன், முள்ளு நகந்துக்கிட்டே இருக்கு. மிச்ச சரணம் அம்புட்டும் அப்படியே கெடக்கு. கண்ணக் காட்டுறேன், கையக் காட்டுறேன், ஒருத்தனும் என் பக்கம் திரும்பல.

எனக்குப் பொறுக்கல. கிடாரக் கழட்டிப் போட்டுட்டு, ஸ்டெல்லா மைக்கு முன்னாலயே போயி நின்னு கத்துனேன். "நிறுத்து! பாரு, மணியப் பாரு!"ன்னு. கத்திட்டு, வெளிய போயிட்டேன். கதவு சாத்துறப்ப உள்ள ஸ்டெல்லா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. என்னைப் பாத்துத்தான். அந்தச் சிரிப்ப இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கல தம்பி. கோபத்த விடுங்க, வலிக்குது. இப்பவும் வலிக்குது.

எதுத்த கடையில டீயக் குடிச்சுக்கிட்டு நின்னேன். வந்து கெஞ்சுவாய்ங்க, மறுபடி மொதல்லருந்து எடுப்போம்னு நெனச்சேன். ஒருத்தனும் வரல. நான் திரும்பிப் போனா, ஒயரச் சுத்திக்கிட்டு இருக்காய்ங்க, நாயனக்காரங்க ஜமக்காளம் விரிச்சுட்டாங்க. "எடுத்தாச்சு பாண்டி"ங்கிறான் அருளாண்டு, மூஞ்சியெல்லாம் வேர்வை, பல்லெல்லாம் சிரிப்பு. என்னத்த எடுத்த? நான் இல்லாம என்னத்தடா எடுத்த? ஊரு வந்து சேர்ற வரைக்கும் நான் அவய்ங்ககிட்ட வாயத் தொறக்கல.

தட்டு அச்சாகி வந்துச்சு. அருளாண்டு கடையிலயே போட்டோம், தெரு ஆளுகல்லாம் கூடி நிக்கிறாய்ங்க. பாட்டு போகுது, போகுது, அந்த எடம் வருது. என் கத்தல் அப்படியே விழுந்திருக்கு! எக்கோ மிசின் 'மணிய'ங்கிறத முழுங்கிருச்சு. "நிறுத்து… பாரு… பாரு… பாரு…"ன்னு பேய் மாதிரி எங்குரலு. கூட்டம் கொல்லுனு சிரிச்சது. நான் பாய்ஞ்சு போயி ஊசியத் தூக்கிட்டேன். அப்புறமும் ரெண்டு மூணு தடவ வீட்டுல போட்டுப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல கை தானா போயித் தூக்கிரும். அதுக்கு மேல நான் கேட்டதே கெடையாது. எதுக்குக் கேக்கணும்? பாட்டு அங்கேயே செத்துப்போச்சு. எம்பங்குக்கு வந்த பெட்டித் தட்ட கொல்லையில போட்டு ஒடச்சேன். சாமியார் பங்கு மாதா திருநாளுக்குக் குடும்பம் குடும்பமா போயிருச்சு. மாதா பாட்டுக்காக வாங்கிட்டுப் போனாங்க, மறுபக்கம் என்ன இருக்குன்னு எவன் திருப்பிப் பாத்தான்? குரூப்பு கலஞ்சது. அருளாண்டு பம்பாய் போயிட்டான். ஸ்டெல்லா கல்யாணம் முடிச்சு பெங்களூரு. போறதுக்கு முந்தி ஒரு நாள் வந்து, "பாண்டி, முழுசாக் கேட்டியா?"ன்னு கேட்டுச்சு. "நான் கேட்ட வரைக்கும் போதும்"னுட்டேன். சரியாத்தான சொன்னேன்?

விட்டுச்சா சனியன்? அம்பது வருசம் கழிச்சு எந்த வீட்டுப் பரண்லருந்தோ மாதா தட்டு ஒண்ணக் கெளப்பி, எவனோ திருப்பிப் போட்டுப் பாத்து, இண்டர்நெட்டுல ஏத்திட்டான். லட்சக்கணக்குல கேக்குறானாம். அதுலயும் இந்தத் தமிழ் வாத்தியார் ஒருத்தர் கட்டுரை எழுதியிருக்காரு, என் மகன் படிச்சுக் காட்டுனான். அந்தக் குரல் 'நிறுத்துப் பாரு'ன்னு சொல்லுதாம். தராசுல வச்சு நிறுக்கிறோம்ல, அந்த நிறுத்து. மனுசா, உன்னை நீயே நிறுத்துப் பாரு, உன் கனம் எம்புட்டுன்னு எடை போட்டுப் பாருன்னு தத்துவமாம்! நான் பாட்ட நிறுத்தச் சொன்னேன்யா! மணியப் பாக்கச் சொன்னேன்! பாட்டோட கடைசிப் பாதியில பாண்டிய நாட்டையே எடை போடக் கூப்புடுறாங்கன்னு வேற எழுதியிருக்காரு. நான் எழுதுனதுல பாண்டிய நாடு எங்கய்யா வருது? நான் எழுதுனது அண்டம்.

எனக்கு வாச்ச பொழப்பும் பாருங்க, எடை மேடை. மாமனாரு ஆரம்பிச்சது, எங்கையில வந்து விழுந்துச்சு. லாரிக்காரப் பயலுக போன்ல அந்தக் கத்தல் துண்ட மட்டும் போட்டுக்கிட்டே மேடையில ஏறுறாய்ங்க. "மொதலாளி, கடைக்கு அப்பவே விளம்பரம் பண்ணிட்டீங்களா?"ன்னு நக்கல். ராத்திரி பகலா யோசிச்சு அண்டத்தப் பத்திப் பதினாலு சரணம் எழுதுனவன் நான். ஒலகம் பூரா கேக்குறது, நான் வயித்தெரிச்சல்ல கத்துன கத்தல். இதுக்கு மேல ஒரு மனுசன அசிங்கப்படுத்த முடியுமா, சொல்லுங்க?

அதனாலதான் சொல்றேன், வெட்டுங்க.

என்னது? ஸ்டெல்லாவப் பாத்தீங்களா? எப்ப? நல்லா இருக்கா? என்னைப் பத்தி என்ன கேட்டுச்சு? "இன்னும் கோவமாத்தான் இருக்காரா"ன்னா? இருக்கேன்னு சொல்லுங்க. அருளாண்டு செத்துப்போயிட்டான்னு எனக்குத் தெரியும், காஜா சொன்னான். நான் துட்டி கேக்கப் போகல. பம்பாய்க்கு எங்கிட்டுப் போறது.

முழுசாக் கேக்க வச்சுட்டு அப்புறம் சம்மதம் வாங்கச் சொல்லுச்சாக்கும். அதுக்கு அன்னைக்கும் இதே பேச்சு, இன்னைக்கும் இதே பேச்சு. எனக்கு நேரம் இல்ல தம்பி, பாருங்க, கரும்பு வண்டி வந்து நிக்குது. சரி சரி, அந்தப் போன மேசையில வையுங்க. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு, போடுங்க. ஆனா என் கண்டிசன் கண்டிசன்தான்.

ம். ஆரம்பிச்சுட்டாய்ங்க. கேக்குதா எரும செருமுறது? அதுதான் கிழிஞ்ச ஸ்பீக்கரு. 'அண்டத்தின் அடிவயிற்றில்', அது நான் எழுதுனது. இந்தா, பூக்குதடியப் புடிச்சுக்கிருச்சு. இனி விடாது பாருங்க. இங்கனதான் நான் கடிகாரத்தப் பாக்குறேன். வருது, வருது, இந்தா, "நிறுத்து… பாரு…" போதும் தம்பி. அமத்துங்க. அமத்துங்கன்னு சொல்றேன்ல. கையப் பிடிக்காதீங்க, எனக்குக் கேக்க வேண்டாம், அது சிரிக்கிறத நான் இன்னொரு தடவ…

இருங்க.

இது எக்கோ இல்லையே. இப்ப வந்த 'பாரு', இது எங்குரலு இல்ல. ஸ்டெல்லால்ல இது? நான் சொன்னத அப்படியே பிடிச்சு, ராகமாப் பாடுது. சிரிக்கல தம்பி. அது சிரிக்கல. மூச்ச இழுத்துக்கிட்டுப் பாடப் போயிருக்கு, அந்தச் சத்தத்தப் போயி நான் சிரிப்புன்னு… அருளாண்டக் கேட்டீங்களா? நான் கத்துன மாதிரியே கிடாரக் கத்த விடுறான். 'நிறுத்து'ங்குது கம்பி, அச்சு அசலா என்னைய மாதிரி. திருட்டுப் பய. இந்தா, காஜாவும் பாடுறான். அவனுக்குப் பாட்டே வராதே தம்பி, தாளத்துக்குத் தலையாட்டவே யோசிப்பான், அவனும் பாரு பாருங்கிறான்.

என்ன சொல்லுது அது? சத்தத்தக் கூட்டுங்க. இன்னும் கூட்டுங்க.

'பாண்டி…'

'பாண்டி, வந்து பாரு…'

பாண்டிய நாடாம், வாத்தியாரு சொல்றாரு. நாந்தான்யா அது. எம்பேரு. வெளிய டீக்கடையில நின்ன என்னையத்தான் கூப்புட்டிருக்காய்ங்க. மூணு பேரும் சேந்து கூப்புடுறாய்ங்க பாருங்க. செத்துப்போனவனும் கிடார்லயே கூப்புடுறான். நான் அட்டையில இல்லையேன்னு… அது தட்டுக்குள்ளயே இருந்திருக்கு தம்பி.

டேய் கரும்பு வண்டி, ஹாரன் அடிக்காதடா! மேடை எங்கயும் ஓடிப் போயிறாது, நீ சும்மா நில்லு.

என்ன, போன எடுக்குறீங்க? வண்டிக்காரன் கெடக்கான், விடுங்க. இன்னும் இருக்குல்ல பாட்டு? ஓடட்டும். நிறுத்தாதீங்க.